ஆக்டிவ் கான்டூரைத் தானாக ஓடவைப்பது: ஆல்ஃபா, பீட்டாவுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: இதய எம்ஆர்ஐ படங்களில் இடது வென்ட்ரிக்கிளை (இதயத்தின் இடது கீழறை) ஆக்டிவ் கான்டூர் கொண்டு, அதாவது பொருளின் விளிம்பை நோக்கித் தானே நகரும் மூடிய கோட்டைக் கொண்டு, பிரித்தெடுக்க வேண்டும். கையால் வட்டம் போட்டுக் கொடுத்தால் கோடு ஓரளவு சரியாக உட்காருகிறது. ஆளில்லாமல் ஓடவிட்டால் சில படங்களில் புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது, சிலவற்றில் உள்ளே இருக்கும் பாப்பில்லரி தசையில் ஒட்டிக்கொள்கிறது, சிலவற்றில் சுவரைத் தாண்டிப் போய்விடுகிறது. கோட்டின் இழுவிசையையும் விறைப்பையும் தீர்மானிக்கும் ஆல்ஃபா, பீட்டாவை எவ்வளவு வைத்தால் எல்லாப் படங்களுக்கும் சரிவரும்?

அப்படி ஒரு ஜோடி எண் கிடையாது. நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளுக்கும் காரணம் வேறு வேறு. ஆல்ஃபாவும் பீட்டாவும் அவற்றில் ஒன்றுக்குத்தான் நேரடியாகப் பொறுப்பு. மைக்கேல் காஸ், ஆண்ட்ரூ விட்கின், டெமெட்ரி டெர்சோபூலோஸ் மூவரும் 1987-இல் ஸ்நேக் என்ற பெயரில் இதை முன்வைத்தபோது, மனிதர் ஒருவர் திரையில் கோட்டை விளிம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார், தப்பாகப் போனால் இழுத்துத் திருத்துவார் என்பதையும் சேர்த்தே வடிவமைத்தார்கள். பயனர் இழுக்கும் விசைக்கு அந்தச் சமன்பாட்டிலேயே இடம் இருந்தது. அந்த மனிதரை எடுத்துவிட்டால் அவர் செய்த மூன்று வேலைகளை நிரல் செய்தாக வேண்டும்: எங்கே தொடங்குவது, எந்த விளிம்பை நம்புவது, வந்த விடை சரியா என்று பார்ப்பது. தானியங்கி என்ற சொல்லின் கனம் முழுக்க இந்த மூன்றிலும்தான் இருக்கிறது. கோட்டை நகர்த்தும் கணக்கு நூறு வரி நிரல்கூட ஆகாது.

முதலில் சுருங்கும் சிக்கல். ஸ்நேக்கின் உள் ஆற்றலில் இரண்டு உறுப்புகள். ஆல்ஃபா, கோட்டை ரப்பர் பேண்ட் போல இழுத்துப் பிடிக்கிறது. பீட்டா, வளைவை எதிர்க்கிறது. மூடிய கோட்டில் இரண்டுமே உள்நோக்கித்தான் இழுக்கும். கணினியில் இது, புள்ளிக்கு ஒரு வரிசை கொண்ட அணியில், ஐந்து எண்கள் கொண்ட ஒரு வரிசையாகிறது: பீட்டா, −(ஆல்ஃபா + 4 பீட்டா), 2 ஆல்ஃபா + 6 பீட்டா, −(ஆல்ஃபா + 4 பீட்டா), பீட்டா. ஆல்ஃபா 0.1, பீட்டா 0.5 என்றால் 0.5, −2.1, 3.2, −2.1, 0.5. கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் அணியை எழுதியதிலேயே பிழை, மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். இந்த அணியின் மூலைவிட்டத்தில் காமாவைக் (ஒரு சுற்றில் கோடு எவ்வளவு நகரலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் எண்) கூட்டி, நேர்மாறு கண்டு, அதை "காமா × பழைய நிலை + வெளி விசை" என்பதோடு பெருக்கினால் புதிய நிலை கிடைக்கும். வெளி விசை என்பது படத்தின் விளிம்பு கோட்டை இழுக்கும் விசை.

இப்போது 20 பிக்சல் ஆரமுள்ள வட்டத்தை 60 புள்ளிகளால் அமைத்து, வெளி விசையே இல்லாமல், காமா 1 என்று வைத்து ஓடவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆரம் சுமார் 0.115 சதவீதம் குறையும். 500 சுற்றில் 20 என்பது 11.2 பிக்சலுக்கு வந்து நிற்கும். கோடு விளிம்பைத் தேடிப் போகவில்லை, விசை எட்டாத இடத்தில் தன்பாட்டில் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று இதற்குப் பொருள். உங்கள் படத்தில் சுருங்கும் வேகமும் இந்தக் கணக்கும் ஒத்துப்போனால், வெளி விசை கோட்டைத் தொடவே இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

அதே வட்டத்துக்கு 60-க்குப் பதில் 120 புள்ளிகள் வைத்தால் என்ன ஆகும்? ஆல்ஃபாவின் இழுப்பு நான்கில் ஒன்றாகும், பீட்டாவின் எதிர்ப்பு பதினாறில் ஒன்றாகும். ஒன்று புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தோடும், மற்றது நான்காம் அடுக்கோடும் போவதால் இப்படி. ஒருவர் சொன்ன ஆல்ஃபா, பீட்டா எண்கள் இன்னொருவர் நிரலில் வேலை செய்யாததற்கு இதுவே முதற்காரணம். தீர்வு எளிது: புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை நிலையாக, 1 முதல் 2 பிக்சலுக்குள் வையுங்கள். ஐந்து முதல் பத்து சுற்றுக்கு ஒருமுறை கோட்டின் நீளத்தை அளந்து, சம தூரத்தில் புள்ளிகளைத் திரும்ப வையுங்கள். அல்லது ஆல்ஃபாவைத் தூரத்தின் வர்க்கத்தாலும் பீட்டாவை நான்காம் அடுக்காலும் வகுத்துவிட்டு அணியைக் கட்டுங்கள். பைத்தான் மொழியின் ஸ்கைக்கிட்-இமேஜ் நூலகத்தில் உள்ள ஆக்டிவ் கான்டூர் செயல்பாடு புள்ளிகளை மறுபடி சீராக்குவதில்லை. நீங்கள் கொடுத்த எண்ணிக்கையோடு கடைசிவரை ஓடும். அதைச் சிறு சிறு தவணையாக அழைத்து, நடுவில் நீங்களே சீராக்கலாம்.

அடுத்தது வெளி விசை. இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. எம்ஆர்ஐ படம் 16 பிட்டில் வரும், மதிப்புகள் ஒவ்வொரு கருவியிலும் வேறு. விளிம்பு ஆற்றல் கிரேடியன்டின் (பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே வெண்மை மாறும் வேகத்தின்) வர்க்கம் என்பதால் படத்தை 0–1 அளவில் வைப்பதற்கும் 0–255 அளவில் வைப்பதற்கும் வித்தியாசம் 255-இன் வர்க்கம், அதாவது 65,025 மடங்கு. முதல் சதமானத்துக்கும் 99-ஆம் சதமானத்துக்கும் இடையில் வெட்டி, 0–1 தசம எண்ணாக மாற்றுங்கள். பிறகு விளிம்பு வரைபடத்தையும் 0–1-க்குள் கொண்டுவாருங்கள். 8 பிட் முழு எண்ணாக வைத்துக்கொண்டே கழித்தலும் வர்க்கமும் செய்தால் எண் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, விளிம்பு மட்டும் கன்னாபின்னாவென்று இருக்கும்.

காஸியன் மழுப்பலின் சிக்மா, விசை எவ்வளவு தூரம் எட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. கூர்மையான ஒரு விளிம்பிலிருந்து 2 சிக்மா தள்ளிப் போனால் உச்ச விசையில் 9 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். 3 சிக்மாவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிக்மா 2 என்று வைத்துவிட்டு விளிம்புக்குப் 10 பிக்சல் தள்ளிக் கோட்டை வைத்தால் அங்கே விசை என்று எதுவும் கிடையாது. சிக்மாவை 5-க்கு உயர்த்தலாம்தான். ஆனால் வென்ட்ரிக்கிளின் சுவர் 8 மில்லிமீட்டர், பிக்சல் 1.4 மில்லிமீட்டர் என்றால் சுவரின் தடிமனே ஆறு பிக்சல்தான். உள் விளிம்பும் வெளி விளிம்பும் மழுங்கி ஒன்றாகிவிடும்.

இதற்குப் பதிலாக வந்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷூவும் பிரின்ஸும் 1997-98-இல் கொடுத்த கிரேடியன்ட் வெக்டர் ஃப்ளோ, சுருக்கமாக ஜிவிஎஃப். விளிம்பில் கிரேடியன்டை அப்படியே வைத்துக்கொண்டு, விளிம்பில்லாத இடங்களுக்கு அதைப் பரவவிடுகிறது. எவ்வளவு பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மியூவை 0.1 முதல் 0.2 வரை வையுங்கள். படத்தில் இரைச்சல் கூடினால் மியூவும் கூட வேண்டும். நேரப் படி 1-ஐ 4 மியூவால் வகுத்ததைத் தாண்டக் கூடாது, அதாவது மியூ 0.2 என்றால் 1.25. தாண்டினால் சில சுற்றிலேயே எண்கள் வெடித்துவிடும். பரவல் ஒரு சுற்றுக்கு ஒரு பிக்சல்தான் நகரும், அதனால் கோடு பயணிக்க வேண்டிய தூரத்தைவிட அதிகச் சுற்றுகள் தேவை. 128 × 128 அளவுக்கு வெட்டிய பகுதிக்கு 80 முதல் 150 சுற்று போதும். கடைசியில் வெக்டர்களின் நீளத்தை 1 ஆக்குவது வழக்கம். அப்படி ஆக்கினால் தூரத்தில் விசை கிடைக்கும், ஆனால் விளிம்பை அடைந்த பிறகும் கோடு முன்னும் பின்னுமாகத் துடிக்கும். கடைசி 50 சுற்றுகளில் விசையின் எடையைப் படிப்படியாகக் குறைத்தால் அடங்கிவிடும்.

எதைச் செய்வதற்கு முன்னும் இந்த விசைப் புலத்தை அம்புக்குறிகளாகப் படத்தின் மேல் வரைந்து கண்ணால் பாருங்கள். இதைச் செய்யாமல் அளவுருக்களை மாற்றுவதில் போகும் வாரங்கள் வீண். அம்புகள் விளிம்பை நோக்கிப் பாய்கின்றனவா, எதிர்த்திசையிலா? எதிர்த்திசை என்றால் குறி மாறியிருக்கிறது. கிடைமட்டமாக இருக்க வேண்டிய அம்புகள் செங்குத்தாகவும், செங்குத்தானவை கிடைமட்டமாகவும் நின்றால் வரிசையும் நெடுவரிசையும் இடம் மாறியிருக்கின்றன. ஸ்கைக்கிட்-இமேஜின் பழைய பதிப்புகள் எக்ஸ், ஒய் என்று வாங்கின. இப்போதைய பதிப்புகள் வரிசை, நெடுவரிசை என்று வாங்குகின்றன. பழைய எடுத்துக்காட்டை அப்படியே ஒட்டினால் இந்தக் கோளாறு கட்டாயம் வரும். வட்டமான பொருளில் நடுவிலேயே தொடங்கினால் இது வெளியே தெரியாது, நீள்வட்டத்தில் உடனே தெரியும். அதனால் சோதனைக்கு நீள்வட்டம் ஒன்றை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்புப் படத்தில் இன்னொன்றும் தெரியும்: சுவரின் நடுவில் அம்புகள் இரண்டாகப் பிரியும். நடுக்கோட்டுக்கு உள்ளே இருப்பவை உள் விளிம்புக்கும், வெளியே இருப்பவை வெளி விளிம்புக்கும் போகும். ஆறு பிக்சல் சுவரில் இந்த எல்லை உள் விளிம்பிலிருந்து மூன்று பிக்சலில் இருக்கிறது. தொடக்கக் கோட்டின் ஒரு பகுதி நான்கு பிக்சல் வெளியே இருந்தால் அந்தப் பகுதி வெளி விளிம்பில் போய் உட்காரும். கோடு சுவரைத் தாண்டிப் போகிறது என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் இதுதான். திசையுள்ள விளிம்பு வரைபடம் இதைத் தீர்க்கும். வென்ட்ரிக்கிளின் மையத்திலிருந்து வெளிநோக்கிப் போகும்போது ரத்தத்தின் வெண்மையிலிருந்து தசையின் கருமைக்கு மாறும் இடம் உள் விளிம்பு. ஒவ்வொரு பிக்சலிலும் கிரேடியன்டுக்கும் மையத்திலிருந்து வரும் ஆரத் திசைக்கும் புள்ளிப் பெருக்கல் எடுத்து, குறி எதிர்மமாக இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடைச்சுவரில் தசையிலிருந்து வலது வென்ட்ரிக்கிள் ரத்தத்துக்கு மாறும் விளிம்பு, தசையிலிருந்து கொழுப்புக்கு மாறும் விளிம்பு இரண்டும் மறைந்துவிடும். ஜிவிஎஃப் கணக்கை இந்த வரைபடத்தின் மேல் ஓட்டுங்கள்.

ஆனால் பாப்பில்லரி தசைக்கு இது உதவாது. மையத்திலிருந்து போகும் கதிர் பாப்பில்லரி தசையின் உள்முகத்தில் வெண்மையிலிருந்து கருமைக்கு மாறுகிறது. சுவரின் குறியும் அதேதான். திசை வடிகட்டி அதன் வெளிமுகத்தைத்தான் நீக்கும். உள்முகம் அப்படியே நின்று கோட்டைப் பிடித்துக்கொள்ளும். இதற்குத் தொடக்கக் கோட்டிலேயே வழி செய்ய வேண்டும். மையத்தைச் சுற்றிய பகுதியில் ஓட்சு முறையில் (வெண்மையை இரண்டாகப் பிரிக்கும் எல்லையைத் தானே கண்டுபிடிக்கும் முறை) ரத்தத்தையும் தசையையும் பிரித்து, மையத்தோடு இணைந்த வெண்பகுதியை மட்டும் எடுத்து, அதன் குவி உறையை (சுற்றி ரப்பர் பேண்ட் போட்டதுபோன்ற வெளிக்கோடு) எடுங்கள். பாப்பில்லரி தசைகள் ஏற்படுத்திய பள்ளங்களும் ஓட்டைகளும் உறைக்குள் அடங்கிவிடும். அந்த உறையே தொடக்கக் கோடு. அது உண்மையான விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு பிக்சலுக்குள் இருக்கும். ஸ்நேக் அதை மெருகேற்றினால் போதும். பாப்பில்லரி தசையை அறையின் கொள்ளளவில் சேர்ப்பது, தசையின் நிறையில் சேர்ப்பது என இரண்டு வழக்கமும் மருத்துவமனைகளில் உண்டு. உங்களுக்குக் கோடு வரைந்து கொடுத்த மருத்துவர் எந்த வழக்கத்தைப் பின்பற்றினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் துல்லியத்தை ஒப்பிடுவதில் பயனில்லை.

இதற்கெல்லாம் மையம் தெரிந்திருக்க வேண்டும். துடிக்கும் இதயத்தைத் தொடர் படங்களாக எடுக்கும் சினி எம்ஆர்ஐயில் ஒவ்வொரு வெட்டுக்கும் (இதயத்தின் ஒரு குறுக்குத் தளம்) இதயத்துடிப்பின் ஒரு சுழற்சியில் ஏறக்குறைய 20 முதல் 30 படங்கள் இருக்கும். ஒவ்வொரு பிக்சலையும் நேரத்தின் வழியே எடுத்து ஃபூரியர் மாற்றம் செய்து, முதல் ஹார்மோனிக்கின், அதாவது துடிப்பின் வேகத்தில் மாறும் பகுதியின், வீச்சைப் படமாக்குங்கள். நெஞ்சுச் சுவர், முதுகெலும்பு, கல்லீரல் எல்லாம் கருத்து, துடிப்பவை மட்டும் வெளுக்கும். அப்படி வெளுப்பவற்றில் பெருந்தமனியும் வரும், வலது வென்ட்ரிக்கிளும் வரும். அவற்றை ஒதுக்க, விரிவின் உச்சக் கட்டப் படத்தில் வட்டங்களைத் தேடும் ஹஃப் மாற்றம் போடுங்கள். இடது அறையின் விட்டம் அந்தக் கட்டத்தில் பெரியவர்களுக்கு 40–55 மில்லிமீட்டர், விரிந்த இதயத்தில் 70-ஐயும் தாண்டும், 1.4 மில்லிமீட்டர் பிக்சலில் ஆரத்தை 12 முதல் 28 பிக்சல் வரை தேடினால் எல்லாம் அடங்கும். இறங்கு பெருந்தமனி இந்த வரம்புக்குக் கீழே விழுந்துவிடும். ஒரே வெட்டை நம்பாமல் நடுவில் உள்ள மூன்று வெட்டுகளில் தேடி, மூன்று மையங்களும் ஒன்றுக்கொன்று 5–6 பிக்சலுக்குள் வருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்த நோயாளியை மனிதர் பார்க்கும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தப்பான மையத்தில் தொடங்கிய ஸ்நேக்கை எந்த அளவுருவாலும் மீட்க முடியாது.

மையம் கிடைத்தபின், உங்கள் வேலைக்கு ஸ்நேக்கைவிடப் பொருத்தமான ஒன்றையும் சொல்ல வேண்டும். வென்ட்ரிக்கிளின் குறுக்குவெட்டு மையத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு திசையிலும் ஒரே ஒரு விளிம்பு உள்ள வடிவம். இப்படிப்பட்ட பொருளுக்கு, படத்தைக் கதிர்களாக விரித்து டைனமிக் புரோகிராமிங்கில் (படிப்படியாகச் சென்று மிக மலிவான பாதையைக் கண்டுபிடிக்கும் முறை) தீர்த்தால் இடையில் எங்கும் சிக்கிக்கொள்ளாத, முழுமையான குறைந்தபட்சமே கிடைக்கும். ஆக்டிவ் கான்டூருக்கு இந்த உத்தியை அமினி, வேமவுத், ஜெயின் மூவரும் 1990-இல் காட்டினார்கள். 4 பாகைக்கு ஒன்றாக 90 கதிர்கள், ஒவ்வொன்றிலும் 0.75 பிக்சல் இடைவெளியில் 40 நிலைகள், அடுத்த கதிரில் ஒரு நிலைக்கு மேல் தாவக் கூடாது என்று வையுங்கள். ஒரு தொடக்க நிலைக்கு 90 × 40 × 3 = 10,800 ஒப்பீடுகள். கோடு தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும் என்பதற்காக 40 தொடக்க நிலைகளுக்கும் ஓட்டினால் 4,32,000. சாதாரண மடிக்கணினியில் கண்ணிமைக்கும் நேரம். பாப்பில்லரி தசை சில கதிர்களில் மட்டுமே குறுக்கிடும் என்பதால், அதற்காக உள்ளே போய்த் திரும்பி வரும் செலவைவிடச் சுவரோடு போவதே பெரும்பாலும் மலிவாக இருக்கும். சுருக்கத்தின் உச்சக் கட்டத்தில் மட்டும் இது ஏமாற்றும். அறை சிறுத்து, பாப்பில்லரி தசை சுவரோடு ஒட்டி, நடுவில் ரத்தமே தெரியாமல் போகும். அங்கே முந்தைய படங்களின் கோட்டிலிருந்து 3 பிக்சலுக்கு மேல் விலகக் கூடாது என்று வரம்பு வைக்க வேண்டும்.

வெளி விளிம்பு இன்னும் கடினமானது. இடைச்சுவரில் தசைக்கு வெளியே வெள்ளையான ரத்தம், சில இடங்களில் வெள்ளையான கொழுப்பு, பக்கவாட்டில் தசையைவிடக் கருப்பான நுரையீரல். ஆக, விளிம்பின் குறி சுற்றிவர மாறிக்கொண்டே இருக்கிறது. உள் விளிம்புக்குச் செய்ததுபோல ஒரே குறியைக் கேட்டால் பாதிக் கோடு தொலைந்துபோகும். உள்கோட்டைச் சுற்றி 4 முதல் 16 மில்லிமீட்டர் வரையிலான பட்டையை மட்டும் திறந்துவைத்து, அதற்குள் குறி பார்க்காமல் கிரேடியன்டின் அளவை மட்டும் பயன்படுத்துங்கள். பீட்டாவை உள்கோட்டுக்கு வைத்ததைவிட மூன்று நான்கு மடங்கு கூட்டுங்கள். வெளி விளிம்பில் நுணுக்கமான நெளிவுகள் கிடையாது, விளிம்பு மறையும் இடங்களை வளைவுதான் நிரப்ப வேண்டும். சினி எம்ஆர்ஐக்கு வழக்கமாகப் பயன்படும் ஸ்டெடி ஸ்டேட் வகைப் படங்களில் கொழுப்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் ஒரு பிக்சல் தடிமனில் மை தீட்டியதுபோல் கருங்கோடு விழும். அது தசையல்ல, சிக்னல் விளைவு. கோடு அதன் வெளிப்பக்கத்தில் உட்கார்ந்தால் தசையின் நிறை ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போகும்.

கோட்டை ஒரு பரப்பின் பூஜ்ய உயரக் கோடாக வைத்து நகர்த்தும் லெவல் செட்டுக்கு மாறினால் தீருமா என்ற கேள்வி அடுத்து வரும். ஆஷரும் செத்தியனும் 1988-இல் கொடுத்த அந்த முறையில் கோடு தானாகப் பிரியவும் சேரவும் முடியும். செல்களை எண்ணும்போது, ரத்தக்குழாய் மரத்தைப் பின்தொடரும்போது அது வரம். இங்கே கெடுதல். 2001-இல் வந்த சான்-வேசே மாதிரி விளிம்பையே பார்க்காமல், கோட்டுக்கு உள்ளே ஒரு சராசரி, வெளியே ஒரு சராசரி என்று பிரிக்கிறது. இரண்டு வென்ட்ரிக்கிளிலும் ரத்தம் ஒரே வெண்மையில் இருப்பதால் அது இரண்டையும் சேர்த்து எடுக்கும், கூடவே நெஞ்சுச் சுவரின் கொழுப்பையும் எடுக்கும். போதாததற்கு, உடல்மேல் வைக்கும் காயிலுக்குப் பக்கத்துப் பகுதி வெளுத்தும் தூரப் பகுதி மங்கியும் இருக்கும். ஒரே சராசரி என்ற அனுமானமே உடைந்துவிடும். சான்-வேசேதான் வேண்டும் என்றால் முதலில் என்4 முறையில் வெண்மைச் சாய்வைத் திருத்துங்கள், அல்லது கோட்டின் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் 8–10 பிக்சல் ஆரத்துக்குள் மட்டும் சராசரி எடுக்கும் உள்ளூர் வகையைப் பயன்படுத்துங்கள். மேட்லேபின் ஆக்டிவ் கான்டூர் கட்டளை, நீங்கள் வேறு சொல்லாதவரை, சான்-வேசேயைத்தான் ஓட்டும் என்பதையும் கவனியுங்கள். விளிம்பு முறை ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு அதன் முடிவைப் படித்தால் எதுவும் பிடிபடாது.

கேசலஸ், கிம்மல், சபிரோ 1995-இல் கொடுத்த ஜியோடெசிக் கான்டூரில் வேறு பிரச்சினை. கோட்டை வெளியே தள்ள ஒரு பலூன் விசை சேர்ப்போம். விளிம்பில் அது நிற்க வேண்டும். நிறுத்தும் சார்பு எந்த விளிம்பிலும் சரியாகப் பூஜ்யமாவதில்லை, அதனால் நேரம் கொடுத்தால் எங்காவது ஒழுகும். பலூன் எடையைப் படிப்படியாகக் கூட்டி இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரைச்சலைத் தாண்டக் குறைந்தபட்சம் தேவைப்படும் எடை, ஒழுக ஆரம்பிக்கும் எடை. முதலாவது இரண்டாவதைவிடச் சிறியதாக எல்லாப் படங்களிலும் இருந்தால் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சில படங்களில் முதலாவதே பெரியதாக இருந்தால் எந்த எடையும் உதவாது, விளிம்பு வரைபடத்தை மாற்றுங்கள். லெவல் செட்டை நீங்களே எழுதினால், தூரச் சார்பை அடிக்கடி புதுப்பிப்பதால் கோடு மெல்ல நகர்ந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். சுன்மிங் லியும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் கொடுத்த தூர ஒழுங்குமுறை வகைக்குப் புதுப்பித்தலே தேவையில்லை; அதில் ஒழுங்குமுறை எடையை நேரப் படியால் பெருக்கினால் 0.25-க்குக் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறுத்துவது பற்றி. புள்ளிகளின் சராசரி நகர்வு 0.1 பிக்சலுக்குக் கீழே போனால் நிறுத்து என்று எழுதினால், புள்ளிகளைச் சீராக்கும் ஒவ்வொரு முறையும் அவை கோட்டின் வழியே நகர்வதால் நிபந்தனை நிறைவேறாது. கோட்டுக்குச் செங்குத்தான நகர்வை மட்டும் எடுங்கள், அல்லது பரப்பளவு பத்துச் சுற்றில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாக மாறியதா என்று பாருங்கள். அதோடு ஓர் உச்ச வரம்பும் வையுங்கள், வரம்பை எட்டி நின்றால் அதைத் தோல்வி என்றே பதிவுசெய்யுங்கள். சுற்று தீர்ந்து நின்ற கோட்டை விளிம்பில் நின்ற கோடாக எண்ணி விடையில் சேர்ப்பது பல தானியங்கி நிரல்களில் ஒளிந்திருக்கும் ஓட்டை.

வெட்டுகளின் வழியே போகும்போது நடு வெட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் நகருங்கள். முந்தைய வெட்டின் கோடே அடுத்ததற்குத் தொடக்கம். நுனியை நோக்கிப் போகும்போது கோட்டை 10–15 சதவீதம் சுருக்கி வைத்தால் சரியாக இருக்கும். ஆனால் வெட்டுகளுக்கு இடையில் நோயாளி மூச்சை வேறு அளவில் பிடித்திருந்தால் இதயமே சில மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும், அதனால் ஒவ்வொரு வெட்டிலும் மையத்தை ரத்தப் பகுதியின் எடையிட்ட நடுப்புள்ளியால் திருத்துங்கள். அடிப்பகுதியில், பெருந்தமனிக்கு ரத்தம் வெளியேறும் பக்கம், தசை வளையம் முழுமையாக இருக்காது, குதிரைலாடம் போல ஒரு பக்கம் திறந்திருக்கும். அங்கே கோடு ஒழுகுவது முறையின் குற்றம் அல்ல, பிடிக்க அங்கே விளிம்பே இல்லை. அந்த வெட்டுகளில் கதிர்களின் கிரேடியன்டை அளந்து, சராசரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும் கதிர்களில் வெளி விசையை அணைத்துவிடுங்கள். வழுவழுப்பு மட்டும் இடைவெளியை மூடட்டும்.

விடையைச் சோதிக்கும் பகுதியை எழுதாமல் இதைத் தானியங்கி என்று சொல்லக் கூடாது. நான்கு அளவுகள் போதும்: கோட்டின் வழியே சராசரி கிரேடியன்ட், 4 பை × பரப்பளவு ÷ சுற்றளவின் வர்க்கம், இது நடு வெட்டுகளில் 0.85-க்குக் கீழே போனால் சந்தேகம். தொடக்கத்திலிருந்து மையம் எவ்வளவு நகர்ந்தது. அடுத்தடுத்த நேரப் படங்களில் பரப்பளவு சீராக ஏறி இறங்குகிறதா. கடைசியானதுதான் அதிகம் பிடிக்கும். இதயத்தின் பரப்பளவு வளைகோடு மென்மையாகக் குறைந்து மென்மையாகக் கூடும். நடுவில் ஒரே படத்தில் 15 சதவீதம் குதித்தால் அந்தக் கோடு பாப்பில்லரி தசையில் மாட்டியிருக்கிறது என்று படத்தைப் பார்க்காமலே சொல்லலாம்.

துல்லியத்தை டைஸ் எண்ணால் (இரண்டு பரப்புகள் எவ்வளவு பொருந்துகின்றன என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) மட்டும் அளப்பவர்கள் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 20 பிக்சல் ஆரமுள்ள வட்டத்தில் கோடு சுற்றிலும் ஒரு பிக்சல் உள்ளே இருந்தால் டைஸ் 0.949. நுனி வெட்டில், 5 பிக்சல் ஆரத்தில், அதே ஒரு பிக்சல் பிழைக்கு டைஸ் 0.78. கோட்டின் தரம் ஒன்றுதான், எண் மட்டும் சரிகிறது. மறுபக்கம், 0.949 என்று அழகாகத் தெரிந்த அந்தக் கோட்டில் பரப்பளவு கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைந்திருக்கிறது. அது கொள்ளளவுக்கும் அப்படியே போகும். சராசரி விளிம்புத் தூரத்தையும் ஹவுஸ்டார்ஃப் தூரத்தையும் (இரண்டு கோடுகளுக்கு இடையிலான மிகப்பெரிய விலகல்) மில்லிமீட்டரில் சேர்த்துக் கொடுங்கள். கோடு எப்போதும் உள்பக்கமே சாய்கிறதா என்று குறியோடு கூடிய சராசரியும் பாருங்கள். ஸ்நேக்கில் ஆல்ஃபா அதிகமானால் இந்தச் சாய்வு கட்டாயம் வரும். ஒழுங்குமுறையான சோதனைக்கு, பொதுவில் கிடைக்கும் 2017-ஆம் ஆண்டின் ஏசிடிசி தரவுத் தொகுப்பில் 150 நோயாளிகளின் படங்கள் உள்ளன. 2009-ஆம் ஆண்டின் சன்னிபுரூக் தொகுப்பில் 45. இரண்டில் ஒன்றில் அளவுருக்களை முடிவுசெய்து, மற்றதில் கைவைக்காமல் ஓட்டிப் பாருங்கள்.

படங்களைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளும் நரம்பியல் வலையமைப்பான யு-நெட் 2015-இல் வந்த பிறகு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், கோடு வரைந்த நூறு நோயாளிகளின் படங்கள் கையில் இருந்தால் யு-நெட்டில் தொடங்குங்கள் என்றே சொல்வேன். மையம் தேடும் வேலையும் பாப்பில்லரி தசைச் சிக்கலும் அதில் பெருமளவு தானாகத் தீரும். ஆனால் அதன் விடை பிக்சல்களின் கூட்டம். எங்கோ தள்ளி ஒரு தீவு, சுவரில் ஒரு ஓட்டை, நுனி வெட்டில் நொறுங்கிய வளையம் எல்லாம் வரும். அங்கே ஆக்டிவ் கான்டூர் திரும்பவும் பயன்படுகிறது. வலையமைப்பு கொடுக்கும் நிகழ்தகவுப் படத்தின் கிரேடியன்டை வெளி விசையாக எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் படத்தின் கிரேடியன்டை அதில் கால் பங்கு எடையோடு சேருங்கள். தொடக்கம் வலையமைப்பின் பெரிய தீவின் ஓரம். ஐம்பது சுற்றுக்குள் ஒரே மூடிய, வழுவழுப்பான, பிக்சலுக்கும் நுணுக்கமான கோடு கிடைக்கும். மருத்துவர் ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்துத் திருத்தவும் முடியும். 2020-இல் வந்த டீப் ஸ்நேக் இன்னும் ஒரு படி போய், கோட்டின் ஒவ்வொரு முனையும் எவ்வளவு நகர வேண்டும் என்பதையே வலையமைப்பைக் கற்றுக்கொள்ள வைத்தது. கோடு மூடியது என்பதால் அதில் வட்டக் கன்வல்யூஷன் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் இப்போதைய நிரலில் இந்த வரிசையில் கைவையுங்கள்: நீள்வட்டச் சோதனை, அணியின் வரிசைக் கூட்டல், 0–1 அளவு, அம்புப் படம், திசையுள்ள விளிம்பு, குவி உறைத் தொடக்கம். இத்தனையும் முடிந்தபின் ஆல்ஃபாவை 0.05-க்கும் 0.2-க்கும் இடையில், பீட்டாவை 0.2-க்கும் 1-க்கும் இடையில் மாற்றிப் பாருங்கள், புள்ளி இடைவெளி 1.5 பிக்சலில் நிலையாக இருக்கட்டும். அந்த வரம்புக்குள் எங்கே வைத்தாலும் கோடு அரை பிக்சலுக்கு மேல் இடம் மாறவில்லை என்றால் வேலை சரியாக முடிந்திருக்கிறது. மாறுகிறது என்றால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று இன்னும் சரியாகவில்லை. அம்புப் படத்துக்குத் திரும்பிப் போய், கோடு விலகும் கதிரில் அம்புகள் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள்.